டர்பன் பொட்டானிக் கார்டன்ஸ்: நவம்பர்ல இத பாத்துட்டு அப்புறமா நர்சரிக்கு போங்க

பெரிய யார்ட் வெச்சிருக்கறவங்க எல்லாருக்கும் முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நவம்பர் வந்துடுச்சேன்னு நேரா நர்சரிக்கு போய் கார் பூட் நிறைய செடி அள்ளிட்டு வராதீங்க. அதுக்கு முன்னாடி ஒரு காலை நேரம் ஒதுக்கி நம்ம தென்னாப்பிரிக்கா டர்பன்ல பெரீயா மேட்டுல இருக்கற டர்பன் பொட்டானிக் கார்டன்ஸ் போய் நிதானமா சுத்திட்டு வாங்க. நர்சரில கருப்பு பையில முழங்கால் உயரம் நிக்கற செடியெல்லாம் இங்க முழுசா வளர்ந்து நிக்குது, அது எவ்ளோ அகலம் எடுக்கும், நிழல் கேக்குமா வெயில் கேக்குமா, அடியில புல் வளர விடுமா விடாதா, வேர் எங்க வரைக்கும் ஓடுதுன்னு எல்லாத்தையும் கண்ணால பாத்துக்கலாம். உள்ள போக காசு கிடையாது. காலைல ஏழரைக்கு கேட் திறந்துடும். இடம் ஜான் ஸிக்காலி ரோடு, பெரியவங்க இன்னும் சிடென்ஹம் ரோடுன்னு தான் சொல்வாங்க, அப்படி கேட்டாலும் வழி சொல்லிடுவாங்க.

நான் வெருலம் பக்கம் இருக்கேன், எங்களுது பழைய காலத்து பெரிய யார்ட், மாமரம், லீச்சி, கருவேப்பிலை, பின்னாடி காய்கறி பாத்தி, முன்னாடி பூச்செடி. வருஷா வருஷம் கோடை ஆரம்பத்துல இந்த கார்டனுக்கு போய் அங்க என்ன பூத்திருக்கு, அங்க வேலை பாக்கறவங்க எந்த செடிக்கு என்ன பண்றாங்கன்னு பாத்துட்டு வந்து தான் எங்க யார்ட்ல கை வைப்பேன். அதனால இந்த ரிவ்யூ சும்மா சுத்திப் பாக்க போறவங்களுக்கும் ஆகும், வீட்டுல தோட்டம் வெச்சிருக்கறவங்களுக்கு இன்னும் கூடுதலா ஆகும்.

சீசன் பத்தி ஒரு வார்த்தை. இந்தியால இருக்கற சொந்தக்காரங்க வாட்ஸப்ல அனுப்பற தோட்டக் குறிப்பு, யூட்யூப் வீடியோ எல்லாத்துலயும் ஆடிப்பட்டம் தேடி விதைன்னு வரும். இங்க ஆடி மாசம் குளிர்காலம், மழை ரொம்ப கம்மியா மண்ணு காஞ்சு கெடக்கும், அப்ப மழைய நம்பி விதைச்சா சரியா முளைக்காது. நமக்கு மழை செப்டம்பர்ல மெல்ல எட்டிப் பாத்து அக்டோபர் நவம்பர்ல சாயங்காலத்துல இடியோட கொட்ட ஆரம்பிக்கும். ஐப்பசி கார்த்திகை தான் நம்ம விதைப்புக்கு நேரம், தீபாவளி விளக்க எடுத்து வெச்ச கையோட மண்வெட்டிய எடுத்துடணும்.

சரி, கார்டனுக்கு வரேன். நவம்பர்ல உள்ள போன உடனே மேல பாருங்க. ஜக்கரண்டா ஊதாப்பூ கொட்டி முடியற நேரத்துல ஃப்ளாம்பாயண்ட் செவப்பு பிடிக்க ஆரம்பிச்சிருக்கும், ரெண்டும் ஒரே நேரத்துல இருக்கற வாரம் கெடைச்சா அது பெரிய பாக்கியம். தமிழ்ல செம்மயில்கொன்றைன்னு சொல்ற அதே மரம் தான் ஃப்ளாம்பாயண்ட், சொந்த ஊரு மடகாஸ்கர், டர்பன் காத்துக்கும் ஈரத்துக்கும் நல்லா ஒத்துப்போயிடுச்சு. இத தூரத்துல நின்னு போட்டோ எடுத்துட்டு போயிடாதீங்க, கிட்ட போய் அடிமரத்த சுத்தி ஒரு ரவுண்டு நடங்க. கிளை எவ்ளோ தூரம் படுத்து நீண்டிருக்கு, வேர் எப்படி தரைக்கு மேலயே புடைச்சு ஓடுதுன்னு தெரியும். எங்க தெருவுல ஒரு அண்ணா இத பவுண்டரி சுவரு ஓரமா நட்டாரு, பாக்க ரொம்ப அழகா வளர்ந்துச்சு, இப்ப சுவரு வெடிச்சு சாஞ்சு நிக்குது, மரத்த வெட்டவும் மனசு வரல அவருக்கு. வீட்டுல இருந்தும் சுவத்துல இருந்தும் நல்லா தள்ளி நடற அளவுக்கு இடம் இருந்தா மட்டும் இந்த மரம் வாங்குங்க. கன்னு வெச்சு பூ பாக்கறதுக்கு பல வருஷம் ஆகும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

அடுத்தது பெரிய மரங்களுக்கு அடியில இருக்கற நிழல் பாத்திங்க. எனக்கு இந்த கார்டன்ல ரொம்ப பிடிச்ச பகுதி இது தான். ஏன்னா பெரிய யார்ட் இருக்கற எல்லார் வீட்டுலயும் இருக்கற ஒரே தொல்லை, மரத்தடியில ஒண்ணும் வளரல, மண்ணு மொட்டையா கெடக்குன்னு. இங்க பாத்தீங்கன்னா க்ளைவியாவ கூட்டம் கூட்டமா மரத்தடியில விட்டிருக்காங்க, இலைச் சருகு மேலயே கெடக்கு, யாரும் பெருக்கி எடுக்கறது இல்ல. க்ளைவியா இந்த நாட்டு செடி, காட்டு மர நிழல்ல வளர்ற ஜாதி, நேர் வெயில்ல வெச்சா இலை வெளுத்து கருகிடும். பூ செப்டம்பர் அக்டோபர்லயே முடிஞ்சிருக்கும், நவம்பர்ல அதுல பாக்கறதுக்கு என்ன இருக்குன்னு கேப்பீங்க. இப்ப தான் அத கவனிக்கணும்.

லிலி போரர்னு ஒரு புழு இருக்கு. கருப்பு உடம்புல மஞ்சள் வளையம் போட்ட மாதிரி இருக்கும். கோடை ஆரம்பிச்சதும் ராத்திரில ஒரு அந்து வந்து இலைக்கு கீழ கொத்தா முட்டை வெச்சிட்டு போயிடும். குட்டி புழு இலையோட மேல்தோலுக்கும் கீழ்தோலுக்கும் நடுவுல புகுந்து தின்னுட்டே அடியில கிழங்கு மாதிரி தடிச்ச பகுதி வரைக்கும் எறங்கும். வெளிய இருந்து பாத்தா இலைல தண்ணி பட்டு ஊறின மாதிரி கண்ணாடியா ஒரு திட்டு தெரியும், அந்த திட்ட வெயிலுக்கு நேரா பிடிச்சு பாத்தீங்கன்னா உள்ள சின்ன சின்ன கருப்பு கோடா நெளியறது தெரியும். அந்த நெலமைல பிடிச்சுட்டா அந்த ஒரு இலைய வெட்டி எடுத்தா போதும், செடி தப்பிச்சுடும். ஒரு வாரம் விட்டீங்கன்னா நடுக்குருத்தே அழுகி கையோட வந்துடும். அதனால நவம்பர்ல இருந்து வாரத்துக்கு ரெண்டு தடவையாவது காலைல இலைய திருப்பி திருப்பி பாருங்க, க்ளைவியா மட்டும் இல்ல, க்ரைனம் லிலி வெச்சிருந்தாலும் அதே தான். மருந்து அடிக்கறத விட கண்ணும் கையும் தான் இதுக்கு உதவும். பூத்து முடிஞ்ச தண்ட வெட்டணுமா விடணுமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. விதை வேணும்னா விடுங்க, பழம் செவக்கறதுக்கு அடுத்த குளிர்காலம் ஆயிடும், வேண்டாம்னா இப்பவே வெட்டிடுங்க, செடிக்கு பலம் மிச்சம்.

அகபாந்தஸ் பக்கம் போனா மொட்டு நீட்டமா தல தூக்கி நிக்கும், டிசம்பர்ல தான் நீலமா விரியும். வீட்டுல இருந்தா இந்த நேரத்துல தண்ணி காய விடாதீங்க, அவ்ளோ தான் வேலை.

மரத்தடி புல்லையும் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. அகல இலையா, வெளிர் பச்சையா, நிழல்லயும் மெத்துனு படர்ற ஒரு புல் இருக்கு, நம்ம ஆளுங்க எல்எம் புல்லுன்னு சொல்வாங்க, பெரீயா புல்லுன்னும் பேரு உண்டு, டர்பன் கரையோரத்துக்கே சொந்தமானது. கிக்குயு புல்லு நிழல்ல சோர்ந்து செத்துடும், இது நிக்கும். மழை ஆரம்பிச்ச இந்த மாசத்துல ஓடுகொடிய கிள்ளி ஒரு கையகலம் இடைவெளி விட்டு ஊணிட்டா பொங்கலுக்குள்ள பிடிச்சுடும். ஆனா ஒட்ட வெட்டாதீங்க. கோடைல புல்ல கொஞ்சம் உயரமா விட்டா தான் மண்ணு ஈரம் காக்கும், களையும் குறையும். ஹடிடா பறவைங்க வந்து புல்ல குத்தி குத்தி ஓட்டை போடுதேன்னு வெரட்டறவங்க இருக்காங்க, அது மண்ணுக்குள்ள இருக்கற புழு பூச்சிய தான் எடுக்குது, விட்டுடுங்க, நல்லது பண்ணுது.

இப்ப இந்த கார்டன்லயே முக்கியமான இடம், சைக்காட் பகுதி, சைக்காட்னா பாக்க பனை மாதிரி ஓலை விடற, ஆனா பனை இல்லாத ஒரு செடி வகை. இத பாக்காம திரும்பி வந்தா போனதுல அர்த்தமே இல்ல. இங்க என்செஃபலார்டோஸ் வூடியைன்னு ஒரு செடி இருக்கு. 1895ல இந்த கார்டனோட க்யூரேட்டரா, அதாவது பொறுப்பாளரா இருந்த ஜான் மெட்லி வுட், வடக்க உங்கோயி காட்டோரத்துல ஒரே ஒரு செடிய பாத்தாரு, நாலு தண்டோட ஒரு கூட்டமா நின்னுட்டு இருந்துச்சு. ஆண் செடி. அதுக்கு பொண்ணு செடி அன்னைக்கும் கெடைக்கல, இத்தன வருஷம் தேடியும் இது வரைக்கும் கெடைக்கல. 1903ல பக்கக்கன்னு சிலத எடுத்து இங்க கொண்டு வந்து நட்டாங்க, 1907ல பெரிய தண்டும் வந்துச்சு. காட்டுல மிச்சம் இருந்தத 1916ல ப்ரிட்டோரியாவுக்கு கொண்டு போனாங்க, அது 1964ல செத்துடுச்சு. காட்டுல இன்னைக்கு ஒண்ணு கூட கிடையாது. உலகத்துல எந்த தோட்டத்துல இந்த செடிய பாத்தாலும் அது அந்த ஒரே செடியோட கன்னுக்கு கன்னுக்கு கன்னு.

அதுக்கு முன்னாடி நிக்கும்போது எனக்கு தோணறது என்னன்னா, இந்த செடி இன்னும் உயிரோட இருக்கறதுக்கு ஒரே காரணம் நம்ம வீட்டுல ஆயா வாழைக்கு பண்ற அதே வேலை தான். பக்கக்கன்ன பாத்து பிரிச்சு எடுத்து, காய விட்டு, நல்ல மண்ணுல வெச்சு, பொறுமையா காத்திருந்தது. விதை போட வழியே இல்லாத ஒரு செடிய நூறு வருஷத்துக்கு மேல ஒவ்வொரு தோட்டக்காரரா கை மாத்தி கை மாத்தி காப்பாத்திருக்காங்க. ஆறேழு அடி நீளத்துக்கு கரும்பச்சையா வளைஞ்சு எறங்கற அந்த ஓலைய பாருங்க, அதுல ஒரு தூசி கூட இல்லாத மாதிரி பளபளப்பு. அங்க போய் ஒரு பத்து நிமிஷம் சும்மா நில்லுங்க, பசங்களுக்கும் இந்த கதைய சொல்லுங்க.

வீட்டுல சைக்காட் வெச்சிருக்கறவங்க கவனிக்க வேண்டியது ரெண்டு. ஒண்ணு, இந்த நாட்டு சைக்காட் எதுவா இருந்தாலும் பெர்மிட் இல்லாம வெச்சிருக்கறது சட்டப்படி குற்றம், ரோட்டோரத்துல யாராவது பக்கியில (பிக்கப் வண்டில) வெச்சு மலிவா குடுக்கறேன்னு வந்தா வாங்காதீங்க, அது காட்டுல இருந்து தோண்டின திருட்டு செடியா இருக்க தான் வாய்ப்பு அதிகம், காட்டுல இருக்கற மிச்ச சைக்காட் எல்லாம் அழியறதே இப்படித்தான். ரெண்டாவது, கோடை ஆரம்பத்துல புது குருத்து சுருள் சுருளா வெளிய வரும் பாருங்க, அப்ப ஆரஞ்சு மஞ்சள் கலர்ல கருப்பு புள்ளி வெச்ச புழு ஒண்ணு கூட்டமா வந்து உக்காந்து ரெண்டு மூணு நாள்ல அத்தன குருத்தையும் மொட்டையடிச்சுடும், லெப்பர்ட் மேக்பைன்னு ஒரு அந்தோட புழு. ஓலை முத்திட்டா அதால கடிக்க முடியாது. அதனால குருத்து மெதுவா இருக்கற அந்த கொஞ்ச நாளைக்கு மட்டும் தெனமும் காலைல போய் பாத்து கையால எடுத்துட்டீங்கன்னா போதும், அந்த வருஷத்து ஓலை முழுசா நிக்கும். ஒரு தடவை ஓலை போச்சுன்னா அடுத்த குருத்துக்கு பெரும்பாலும் அடுத்த வருஷம் வரைக்கும் காத்துட்டு இருக்கணும்.

ஆர்கிட் ஹவுஸ் அழகா இருக்கு, உள்ள போனா ஈரமும் மண்வாசனையும் நல்லா இருக்கும், எர்னஸ்ட் தோர்ப்னு முன்னாடி இருந்த க்யூரேட்டர் பேர்ல இருக்கு. வீட்டுல ஆர்கிட் சட்டியில அழுகுதுன்னு பொலம்பறவங்க அங்க அத மரத்துலயும் கல்லுலயும் எப்படி ஒட்ட வெச்சிருக்காங்கன்னு பாருங்க, நம்ம யார்ட்ல இருக்கற சம்பங்கி மரம், அரளி மரம் எதுலயாவது அதே மாதிரி கட்டி விடலாம். தரைமட்டத்துக்கு கீழ எறக்கி அமைச்ச சங்கன் கார்டன்ல சீசன் பூச்செடிய வரிசையா போட்டிருப்பாங்க, போட்டோவுக்கு நல்ல இடம், மத்தபடி எனக்கு அங்க அதிக நேரம் நிக்கணும்னு இல்ல. ஏரிப்பக்கம் பசங்களுக்கு தான் கொண்டாட்டம், பெலிகன், ஐபிஸ் எல்லாம் கிட்டவே பாக்கலாம். லிவிங் பீஹைவ்னு சுலு மக்களோட வட்டக்குடிசை வடிவத்துல பெருசா ஒரு கூண்டு கட்டி செடிய படர விட்டிருக்காங்க, 2011ல இங்க நடந்த காலநிலை மாநாட்டுக்காக கட்டினது, உள்ள நின்னா பசுமையா குளுகுளுன்னு இருக்கும். டீ கார்டன்ல உக்காந்து ஒரு டீயும் ஸ்கோனும் சாப்பிட்டா போன களைப்பு தீந்துடும். மேட்டுச்சரிவுல இருக்கற தோட்டம், முட்டி வலி இருக்கற பெரியவங்கள கூட்டிட்டு போனா மெதுவா நடங்க, நிழல் நிறைய இருக்கு, அங்கங்க உக்காந்து உக்காந்து போகலாம்.

இந்த எடத்துக்கும் நமக்கும் ஒரு சொந்தம் இருக்கு, அதையும் சொல்லணும். 1849ல இந்த கார்டன ஆரம்பிச்சதே பூ பாக்கறதுக்கு இல்ல. நட்டால்ல, அதாவது டர்பன் இருக்கற இந்த பகுதில, எந்த பயிர் வெச்சா காசு வரும்னு சோதிச்சுப் பாக்கறதுக்கு ஆரம்பிச்சது, 1851ல இப்ப இருக்கற இடத்துக்கு மாத்தினாங்க, அப்ப க்யூரேட்டரா வந்த மார்க் மெக்கென் அதுக்கு முன்னாடி ஜமைக்காவுல வேலை பாத்து கரும்பு பத்தி தெரிஞ்சவரு. அந்த கரும்பு இந்த கரையோரம் முழுக்க பரவினதுக்கு அப்புறம் வேலைக்கு ஆள் வேணும்னு மெட்ராஸ்ல இருந்து நம்ம ஆளுங்கள ஒப்பந்தக் கூலியா கூட்டிட்டு வந்த முதல் கப்பல், ட்ரூரோ, 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பன்ல வந்து நின்னுச்சு. இதே கோடை ஆரம்பம். 1911 வரைக்கும் இந்தியால இருந்து அப்படி வந்தவங்க மொத்தம் 152,184 பேர். ஒப்பந்தம் முடிஞ்சவங்க நெறைய பேர் கெடைச்ச துண்டு நெலத்துல காய்கறி போட்டாங்க, கத்திரிக்காய், மொளகா, கொத்தமல்லி, கீரைன்னு கூடையில சொமந்து வித்தாங்க, டர்பன் சமையலறைக்கு காய்கறி போனது அவங்க கையால தான், வார்விக்ல இருக்கற எர்லி மார்னிங் மார்க்கெட் 1910ல இருந்து நடக்குதுன்னா அதுக்கு பின்னாடி இந்த தோட்டக்காரங்க இருக்காங்க. எங்க ஆயா வீட்டு யார்ட்ல ஒரு சாண் எடம் சும்மா விட மாட்டாங்க. வேலி மேல டபுள் பீன்ஸ், குழாய் தண்ணி ஓடற எடத்துல மடும்பி (சேப்பங்கிழங்கு), வாசல்ல துளசி. பொட்டானிக் கார்டன்ல நடக்கும்போது எனக்கு அவங்க நெனப்பு வராம இருக்காது, ஏன்னா பயிர் சோதனை பண்ணது இவங்க, அந்த பயிர்ல உழைச்சது நம்ம ஆளுங்க.

இப்ப யார்ட் வேலைக்கு வரேன், கார்டன பாத்துட்டு வந்ததும் எங்க வீட்டுல நடக்கற வேலை இது தான்.

முதல் வேலை மூடாக்கு. அங்க எந்த பாத்தியையும் வெறும் மண்ணா விட்டிருக்க மாட்டாங்க. வெட்டின புல்லு, காஞ்ச இலை, கரும்பு சோகை எது கெடைச்சாலும் மூணு நாலு விரல் கனத்துக்கு பரப்புங்க, ஆனா செடியோட தண்ட ஒட்டி குமிக்காதீங்க, அடி அழுகிடும். இடிமழை பேயுதேன்னு தண்ணிய பத்தி நெனைக்காம இருந்துடாதீங்க. வேகமா கொட்டற மழை சரிவுல ஓடிப் போயிடும், மறுநாள் வெயில்ல மேல்மண்ணு காஞ்சுடும். எங்க ஏரியால குழாய்ல தண்ணி வராத நாளும் உண்டு, அதனால கூரைத்தண்ணிய ஜோஜோ டேங்க்ல பிடிக்கறோம். கணக்கு ரொம்ப சுலபம், ஒரு சதுர மீட்டர் கூரைல ஒரு மில்லிமீட்டர் மழை பேஞ்சா ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரைக்கு 20 மில்லிமீட்டர் மழைன்னா 2,000 லிட்டர் ஆச்சு, வழியில கொஞ்சம் போனாலும் ஒரு காய்கறி பாத்திக்கு பல நாளைக்கு வரும். ஒரு நல்ல மழைக்கே டேங்க் ரொம்பறத பாத்தா நீங்களே இன்னொண்ணு வாங்குவீங்க.

மாமரத்துல இப்ப பிஞ்சு பெருத்துட்டு இருக்கும். ஊறுகாய்க்கு பறிக்கறவங்க பறிச்சுடுங்க, கொரங்கு வர்றதுக்கு முன்னாடி. பழத்துக்கு விடறவங்க கீழ விழுந்த காய அன்னைக்கே பொறுக்கிடணும், அதுல தான் பழ ஈ முட்டை வெச்சு பெருகும், பொறுக்கினத சும்மா ஓரத்துல கொட்டாம கருப்பு பையில கட்டி ரெண்டு வாரம் வெயில்ல போட்டீங்கன்னா உள்ள இருக்கற புழு செத்துடும். லீச்சிக்கு பழம் திரள்ற நேரம் இது, தண்ணிய ஒரே சீரா குடுங்க, காய விட்டு திடீர்னு கொட்டினா தோல் வெடிச்சுடும். கிளைக்கு வலை இல்லன்னா காகிதப்பை கட்டுங்க, பறவைக்கும் வவ்வாலுக்கும் மேல் கிளைல கொஞ்சம் விட்டுட்டா அதுங்களும் வாழும், நமக்கும் மிஞ்சும்.

கருவேப்பிலைய பத்தி தனியா சொல்லியே ஆகணும். கோடை வந்ததும் புது தளிர் மேல பறவை எச்சம் மாதிரி கருப்பும் வெள்ளையுமா ஒண்ணு ஒட்டிட்டு இருக்கும், எச்சம்னு நெனச்சு விட்டுடுவாங்க. அது பட்டாம்பூச்சி புழு, எலுமிச்ச மரத்துக்கு வர்ற அதே ஜாதி. பெருசானதும் பச்சையா மாறி இலையோட இலையா ஒளிஞ்சுக்கும். ஒரு குச்சியால லேசா தொட்டு பாருங்க, தலைக்கு பின்னால இருந்து ஆரஞ்சு கலர்ல ரெண்டு கொம்பு சட்டுனு நீட்டி ஒரு காட்டமான வாடைய விடும், பசங்க இத பாத்தா மறக்கவே மாட்டாங்க. சின்ன செடின்னா புழுவ எடுத்துடுங்க, இல்லன்னா இலையே மிஞ்சாது. எங்களுது பெரிய மரம், அதனால பாதி கிளைய அதுக்குன்னு விட்டுடறேன், டிசம்பர் ஜனவரில கருப்பு மஞ்சள் பட்டாம்பூச்சி யார்ட் பூரா பறக்கும். மரத்துக்கு ஒண்ணும் ஆகல, திரும்ப தளிர் விட்டுடுது. பூங்கொத்து வந்தா கிள்ளிடுங்க, இலை நல்லா தழைக்கும்.

காய்கறில வெண்டை, கத்திரி, மொளகா, சொரக்காய், புளிச்சகீரை எல்லாத்துக்கும் இது நல்ல நேரம், மடும்பி இன்னும் வெக்கலன்னா இப்பவே வெச்சுடுங்க. கொத்தமல்லி மட்டும் வெயில்ல சீக்கிரம் பூவுக்கு ஓடிடும், மதியம் நிழல் விழற எடத்துல கொஞ்சம் கொஞ்சமா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை விதைங்க. தக்காளிக்கு குச்சி கட்டி கீழ் இலைய எடுத்துடுங்க, நம்ம ஊர் புழுக்கத்துல மண்ணு தெறிச்ச இலைல தான் நோய் ஆரம்பிக்கும். அப்புறம் செண்டுப்பூ. தைப்பூசத்துக்கு காவடிக்கு வீட்டுப்பூ வேணும்னு நெனைக்கறவங்க நவம்பர் பாதிக்குள்ள விதை போட்டுடணும், செடி ஒரு சாண் வளந்ததும் நுனிய கிள்ளினா பக்கக்கிளை வெடிச்சு பூ ரெண்டு மடங்கு வரும். கடைல மூட்டைல வாங்கற பூவுக்கும் நம்ம கையால வளத்து முருகனுக்கு கட்டற பூவுக்கும் எனக்கு ரொம்ப வித்தியாசம் இருக்கு.

முருகன்னு சொன்னதும் செங்காந்தள். தமிழ்நாட்டோட மாநிலப்பூ இந்த டர்பன் கடற்கரை மணல் மேட்டுல தானா வளருதுன்னு நெறைய பேருக்கு தெரியாது, இங்க ஃப்ளேம் லிலின்னு சொல்வாங்க. குளிர்காலத்துல மண்ணுக்குள்ள கிழங்கா தூங்கும், மழை ஆரம்பிச்சதும் முளைக்கும், இலை நுனியையே சுருட்டி பக்கத்துல இருக்கறத பிடிச்சுட்டு ஏறும், கோடைல மஞ்சளும் செவப்புமா தலகீழா விரியும். காட்டுல பாத்தா தோண்டாதீங்க, நாட்டு செடி விக்கற நர்சரில கேட்டா கிழங்கு கெடைக்கும். வெக்கும்போது கிழங்கு நுனி ஒடியாம பாத்துக்கோங்க, முளை அங்க தான் இருக்கு. செடி முழுக்க விஷம், கிழங்குல ரொம்ப அதிகம், சின்ன பசங்க, நாய் இருக்கற வீட்டுல எட்டாத எடத்துல வெக்கணும், கிழங்க தொட்டா கை கழுவணும். மடும்பி பாத்தி பக்கத்துல மட்டும் இத எந்த காரணத்துக்கும் வெக்காதீங்க, தோண்டும்போது கலந்துட்டா ஆபத்து.

பாம்பு பயம் இருக்கறவங்களுக்கும் ஒரு விஷயம். வெயில் ஏறினதும் பச்சை பாம்பு தெரியும், உடனே மாம்பான்னு அடிக்க போயிடறாங்க, பெரும்பாலும் அது புள்ளி போட்ட புதர் பாம்பு, விஷம் கிடையாது, பல்லியும் தவளையும் தின்னுட்டு அது பாட்டுக்கு போயிடும். ஆனா எந்த பாம்புன்னு நிச்சயமா தெரியாம கிட்ட போகாதீங்க, பாம்பு பிடிக்கறவங்கள கூப்பிடுங்க. புல்லு குவியல், பழைய பலகை அடுக்கு எதுலயும் வெறுங்கைய விடாதீங்க, கம்பியால கிளறிட்டு எடுங்க.

கார்டனுக்கு போறவங்களுக்கு கடைசியா, வாரநாள்ல காலைல போங்க, சனி ஞாயிறு ஏரிப்பக்கம் பிக்னிக் கூட்டம், கல்யாண போட்டோ கூட்டம் இருக்கும். டிசம்பர்ல ஸ்கூல் லீவு விட்டா எல்லா நாளும் கூட்டம் தான். தண்ணி பாட்டில், தொப்பி எடுத்துக்கோங்க, மதியத்துக்கு அப்புறம் மழை இருட்டிட்டு வந்தா பெரிய மரத்தடியில நிக்காம கிளம்பிடுங்க. போன்ல ஒவ்வொரு செடியையும் அதோட பேர்ப்பலகையையும் சேத்து போட்டோ எடுங்க, கூடவே யாரையாவது பக்கத்துல நிக்க வெச்சு எடுத்தா உயரம் தெரியும். அந்த போட்டோவ கொண்டு போய் நர்சரில காட்டி கேளுங்க, அப்ப தான் சரியான செடி கைக்கு வரும். இடத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு குடுக்கறேன்.